பனை ஒண்ணு இல்ல, அஞ்சு

போன ஆவணியில ஊருக்கு போயிருந்தப்ப பனை ஓலை ஒண்ண பிரஸ் பண்ணி ஹெர்பேரியம் ஷீட் (செடிய அழுத்தி காயவச்சு ஒட்டி வைக்கிற அட்டை) ஆக்கிடலாம்னு ஒரு கிறுக்குத்தனம் பண்ணேன். உடன்குடி பக்கம் எங்க வடலிக்காட்டுல பதனி சீசன் முடிஞ்சு பெரியப்பா சும்மாதான் இருந்தாரு, அவர்தான் ஏறி வெட்டி போட்டாரு. ஷீட்டு ஒன்றரை அடி நீளம் கூட வராது, ஓலையோ விரிச்சா ரெண்டு கையையும் அகட்டுனாலும் பத்தாது. அதுக்கு மேல, ஓரத்துல ரம்பப்பல்லு மாதிரி கருக்கு இருக்குற கருக்குமட்டை வேற. வெட்டி, மடிச்சு, நம்பர் போட்டு, பேப்பருக்கு நடுவுல வச்சு மேல அம்மிக்கல்ல தூக்கி வச்சேன். பேப்பரை தெனமும் மாத்தணும்னு தெரியும், சோம்பேறித்தனத்துல மூணு நாள் விட்டுட்டேன், திறந்து பாத்தா மட்டைத்துண்டு பூரா பூசணம்.

"ஏல, ஓலைய காயப்போட காலேஜுல படிக்கணுமாக்கும்"னு பெரியப்பா சிரிச்சாரு. அவர் கேட்டதும் நியாயம்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, உலகத்துல பனை வகையெல்லாம் எங்கெங்க இருக்குன்னு மேப் போடுறவங்களுக்கு அடிப்படையே இந்த ஷீட்டுங்கதான். ஒரு ஷீட்டு, அதுல ஊர் பேரு, தேதி, எடுத்தவர் பேரு, அது மேப்புல ஒரு புள்ளி. ஆனா பனை மாதிரி ராட்சச மரத்த பிரஸ் பண்ண யாருக்கும் பொறுமை கிடையாது, நான் பட்ட பாடே சாட்சி. போதாததுக்கு ரோட்டோரம் எங்க பாத்தாலும் நிக்கிற மரம், இத போயி எதுக்கு எடுக்கணும்னு தாவரவியல்காரங்க அத தாண்டிட்டு காட்டுக்குள்ள போயிடுவாங்க. அதனால பனை அடர்த்தியா நிக்கிற எடத்துலயே மேப்பு வெறிச்சோடி கெடக்கும். மேப்புல காலியா இருந்தா மரம் இல்லன்னு நெனச்சீங்கன்னா ஏமாந்தீங்க.

சரி, பனையில வகையா, நம்ம பனை மட்டும்தானேன்னு நானும் காலேஜ் சேர்ற வரைக்கும் நெனச்சுட்டுதான் இருந்தேன். பொராசஸ்னு ஜீனஸ் பேரு, அதாவது பனைங்க எல்லாத்துக்கும் பொதுவான குடும்பப்பேரு மாதிரி, 1753ல ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வச்சது. நம்ம பனை பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர். இதுல ஒரு வேடிக்கை இருக்கு, 1678ல வந்த, மலபார் செடிகொடிகள பத்தின ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் புத்தகத்தோட முதல் பாகத்துலயே பனைக்கு கரிம்பன, ஆம்பனன்னு ரெண்டு பேரு, ரெண்டு படம். ஆண்மரம் வேற பெண்மரம் வேறயா இருக்குறதால வந்த வினை. லின்னேயஸ் ரெண்டையும் ஒரே பேருக்கு கீழ கொண்டு வந்து சேத்துட்டாரு. நம்ம ஊர்ல அலகு, அதான் ஆண்பூ, விடுறத பாத்தாலே சின்னப்பையன் சொல்லிடுவான் இது ஆண்பனை, நுங்கு கெடைக்காது, அடுத்த மரத்துக்கு போன்னு.

2007ல ராஸ் பேட்டன்னு ஒருத்தர் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து பத்திரிகையில இந்த ஜீனஸ முழுசா திருத்தி எழுதுனாரு, அதுல மொத்தம் அஞ்சு ஸ்பீசிஸ், அதாவது அஞ்சு தனித்தனி இனம். நம்மளுது ஒண்ணு, இந்தியா இலங்கையில ஆரம்பிச்சு கம்போடியா தாண்டி இந்தோனேசியா வரைக்கும். ஏத்தியோப்பம்னு ஒண்ணு ஆப்பிரிக்காவுல செனகல்ல இருந்து கிழக்கு ஓரம் வரைக்கும் பரந்து கெடக்கு, நடுத்தண்டுல வயிறு தள்ளுன மாதிரி ஒரு உப்பல் இருக்கும், பழம் மஞ்சள் ஆரஞ்சு நிறம். மடகாஸ்கருக்குன்னு தனியா ஒண்ணு. நியூகினியாவுல ஹைனியானஸ், இது மழைக்காட்டுக்குள்ள நிக்கும், தேரி மணல்லயே பனைய பாத்து வளந்த எனக்கு இன்னும் நம்ப முடியல. அஞ்சாவதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச கதை.

மேற்கு ஆப்பிரிக்காவுல, புர்கினா ஃபாஸோவோட பன்ஃபோரா பக்கம், ஒரு பனையில காலங்காலமா கள்ளு எறக்குறாங்க. தாவரவியல்காரங்க அத சில சமயம் ஏத்தியோப்பம்னு எழுதுனாங்க, சில சமயம் நம்ம பனைன்னே எழுதிட்டாங்க. மட்டை பச்சையா இருக்கும், கருக்கு சின்னது, பழம் முத்துனாலும் பச்சைதான். இத்தனை வித்தியாசம் கண்ணுக்கு முன்னாடி இருந்தும் தனி ஸ்பீசிஸ்னு பேரு வச்சது 2006லதான், ஐவரி கோஸ்ட் தாவரவியலாளர் லோரான் ஆகே அஸி நெனவா பொராசஸ் ஆக்கியாசின்னு. பேரு மாறுனதும் மேப்பும் மாறுது பாருங்க, மரம் நின்ன எடத்துலயேதான் நிக்குது, ஆனா பழைய ஷீட்டையெல்லாம் திரும்ப எடுத்து பாத்து, இது அது இல்லன்னு புள்ளிய ஒரு பேர்ல இருந்து இன்னொரு பேருக்கு தூக்கி வைக்கணும். அந்த ஷீட்டுல பழமும் இல்லாம மட்டையோட நிறமும் போயி காஞ்ச ஓலைத்துண்டு மட்டும் ஒட்டியிருந்தா என்னன்னு சொல்றது?

நம்ம பனைக்கு வேற ஒரு சிக்கல். எது காட்டுல தானா மொளச்சது, எது மனுஷன் கொட்டை போட்டு வளத்ததுன்னு பிரிக்கவே முடியாது. ஓலை, கருப்பட்டி, கிழங்குன்னு இத்தனை உபயோகம் இருக்குற மரத்த போற எடத்துக்கெல்லாம் மனுஷன் தூக்கிட்டுதான போவான். ஆப்பிரிக்க காட்டுப்பனையில இருந்து ஆளுங்க தேறுனத எடுத்து வளத்து வந்ததுதான் நம்ம பனையோன்னு கூட ஒரு கருத்து உண்டு. இத ஊர்ல போயி சொன்னா அடி விழும், அதனால சொல்லல.

ஆனா பன்ஃபோரா கதைய பெரியப்பாகிட்ட சொன்னேன். பூசணம் புடிச்ச ஓலைய குப்பையில போட்டுட்டு திண்ணையில உக்காந்திருந்தோம். எந்த மட்டையும் பச்சையாத்தான் இருக்கும், அது என்ன பெரிய விஷயம்னாரு. கருக்கு சின்னதுன்னதும் கொஞ்சம் நிமுந்தாரு, தொடையில இருக்குற பழைய கீறல தடவிக்கிட்டே "கொடுத்து வச்சவனுவ"ன்னாரு. பழம் முத்துனாலும் நிறம் மாறாதாம் பெரியப்பான்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாரு.

"அப்ப பழுத்ததுன்னு எப்படிலே கண்டுபிடிப்பான்? ராத்திரி தொப்புன்னு விழுற சத்தத்த வச்சுத்தான்."