லாவகம்

தோளில் தூங்கிப்போன குழந்தையைப் படுக்கையில் கிடத்தும் ஒரு தாயை நேற்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை பிடரியைத் தாங்க, மறு கை முதுகுக்கடியிலிருந்து விரல் விரலாக விலகியது. குழந்தையின் மூச்சுகூட மாறவில்லை. அதைச் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே சொல் லாவகம்.

திறமை என்றால் போதாது. திறமை கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். வேகமும் இல்லை, அவள் மிக மெதுவாகத்தான் செய்தாள். நேர்த்தி என்பது செய்து முடித்த பொருளிலும் தங்கும். லாவகமோ அசைவு நடக்கும்போது மட்டுமே இருக்கிறது.

வடமொழியின் ‘லகு’விலிருந்து வந்த சொல் இது. லகு என்றால் கனமற்றது. அதிலிருந்து லாகவம், தமிழ் நாவில் எழுத்துகள் இடம்மாறி லாவகம் ஆனது. இலகு என்று நாம் சொல்வதும் இதன் உடன்பிறப்புதான். லகுவுக்கு எதிர்ச்சொல் குரு, அதாவது கனமானது. கௌரவம் பிறந்தது அந்தக் குருவிலிருந்து! இதை முதன்முதலில் அறிந்த நாளில் அகராதியை மூடவே மனம் வரவில்லை.

பந்தை லாவகமாகப் பிடித்தார் என்கிறோம். கேள்வியிலிருந்து லாவகமாக நழுவினார் என்றும் எழுதுகிறோம். செய்திகளில் திருடர்களுக்கும் இந்தச் சொல்லைத் தாராளமாகக் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். பூட்டை உடைப்பதில் என்ன லாவகம்? ஊசி போட்டதே தெரியாமல் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கும் செவிலியரின் விரல்களுக்கு அல்லவா அதைத் தர வேண்டும்!