பேட்டரியா, ஆல்டர்னேட்டரா? சார்ஜிங் செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

வாகன மின்னியலில், பேட்டரியையும் இஞ்சின் ஓடும்போது மின்சாரம் உற்பத்தி செய்து அதை நிரப்பும் ஆல்டர்னேட்டரையும் சோதிக்கும் சார்ஜிங் பகுதியை எளிது என்று பலரும் கடைசி நாளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரிக்கு 12.6 வோல்ட், இஞ்சின் ஓடும்போது 14.2 வோல்ட் என்று இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்கு வருகிறார்கள். எழுத்துத் தேர்வில் அது கைகொடுக்கும். மல்டிமீட்டரும் கையுமாகக் காரின் முன்னால் நிற்கும்போது கைவிட்டுவிடும். ஏனென்றால் "எத்தனை வோல்ட்?" என்று கேட்ட கையோடு, "எந்த நிலையில் எடுத்தீர்கள்?" என்றும் தேர்வாளர் கேட்பார். இஞ்சின் நின்றிருந்ததா, ஓடியதா, விளக்குகள் எரிந்தனவா, மீட்டரின் இரண்டு முனைகளும் எங்கே இருந்தன என்று சொல்லத் தெரியாத அளவு வெறும் எண்தான்.

இதை மனத்தில் வைத்து என் குறிப்பேட்டை மாற்றி எழுதினேன். ஒவ்வொரு அளவுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: வண்டியின் நிலை, முனைகள் வைத்த இடம், இந்த அளவு சரியாக இருந்தால் எந்தப் பழுது இல்லை என்று ஆகிறது. மூன்றாவது கட்டத்தை நிரப்புவதுதான் உண்மையான படிப்பு. அங்கே எழுத ஒன்றும் இல்லையென்றால், அந்த அளவை ஏன் எடுக்கிறோம் என்று நமக்கே தெரியவில்லை என்று பொருள்.

முதலில் பேட்டரி. ஈய அமில பேட்டரியில் ஆறு செல்கள். முழு சார்ஜில் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.1 வோல்ட். ஆகவே 12.6. இது 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு சார்ஜ் என்று கொள்ளலாம். ஏஜிஎம் வகையில் (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) முழு சார்ஜ் இதைவிடச் சற்றுக் கூடுதலாக, 12.8-ஐ ஒட்டி இருக்கும். எவ்வளவு சார்ஜ் செய்தாலும் 10.5-ஐத் தாண்டாத பேட்டரியைக் கண்டால் ஆறில் ஒரு செல் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். ஐந்து செல்லின் கணக்கு அது. இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவருக்கு எண்ணை மனப்பாடம் செய்யும் வேலை பாதி குறைகிறது.

ஓடி நின்ற வண்டியில் உடனே அளந்தால் 12.9, 13.0 என்று காட்டும். தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் தங்கியிருக்கும் சார்ஜ் செய்யும் மாயம் இது. சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்க வேண்டும். தேர்வில் அவ்வளவு நேரம் ஏது? முகப்பு விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கலாம். இதை நீங்களாகவே செய்தால் தேர்வாளர் கவனிப்பார்.

ஓய்வில் 12.6 காட்டுவது, பேட்டரிக்கு வலு இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. பல நாள் குறைந்த சார்ஜிலேயே கிடந்து தகடுகளில் சல்பேட் படிந்த பேட்டரியும் ஓய்வில் அழகாக 12.6 காட்டும், ஸ்டார்ட்டர் இழுத்ததும் சரிந்துவிடும். சுமைச் சோதனை அதற்காகத்தான்: பேட்டரியின் மீது குறித்திருக்கும் குளிர்நிலை ஆம்பியரில் (CCA, கடுங்குளிரில் ஸ்டார்ட் செய்யத் தரக்கூடிய மின்னோட்டம்) பாதியை 15 விநாடி இழுக்க வேண்டும், 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. சோதிக்குமுன் பேட்டரி குறைந்தது 12.4-இல் இருக்க வேண்டும் என்பது இந்தச் சோதனையின் நிபந்தனை. பாதி காலியான பேட்டரியைச் சுமையேற்றிப் பார்த்துவிட்டுப் பழுது என்று எழுதுவது தவறான தீர்ப்பு. மூடி திறக்கும் வகையென்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகப் பேசும். அது அமிலத்தின் ஒப்படர்த்தியை அளக்கும் கருவி; முழு சார்ஜில் 1.265-ஐ ஒட்டி இருக்கும். ஒரு செல்லுக்கும் இன்னொன்றுக்கும் 0.050 வேறுபாடு வந்தால் அந்த பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்து சார்ஜிங். பெல்ட்டைக் கண்ணால் பாருங்கள், விரலால் அழுத்திப் பாருங்கள், இஞ்சினை நிறுத்திவிட்டுத்தான். பிறகு ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரை. முதலில் ஆக்சிலரேட்டரை அழுத்தாத சாதாரண ஓட்டத்தில், பிறகு நிமிடத்துக்கு 2000 சுற்றில், அதன்பின் முகப்பு விளக்கு, காற்று விசிறி, பின்கண்ணாடி வெப்பி எல்லாவற்றையும் போட்டுவிட்டு. சுமையேற்றிய நிலையிலும் 13.5-ஐ ஒட்டி நின்றால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது; பேட்டரியில் அழுகிய முட்டை நாற்றமும் சேர்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

புதிய வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. சார்ஜிங் அளவை இஞ்சின் கணினியே தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்த 13-க்கும் கீழே இறக்கிவிடும். வேகத்தைக் குறைக்கும்போது உயர்த்தும். பழைய பாடநூலை மட்டும் படித்தவர் 12.8-ஐப் பார்த்ததும் ஆல்டர்னேட்டர் பழுது என்று எழுதிவிடுவார். சுமையேற்றிப் பாருங்கள், அளவு உயர்ந்தால் அது பழுதன்று, கட்டுப்பாடு.

இனி நான் அதிக நேரம் செலவிட்ட பகுதிக்கு வருகிறேன்: மின்னழுத்த இழப்புச் சோதனை. பாடநூலில் அரைப் பக்கம்கூட இருக்காது. தேர்வாளர்களுக்கோ இதுதான் பிடித்தமான இடம். எனக்கு வந்த வண்டியும் இப்படித்தான் இருந்தது. ஓய்வில் 12.6. ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுழன்றது. ஓடும்போது, விளக்குகளை எல்லாம் போட்ட நிலையில், பேட்டரியில் 13.3. இதை மட்டும் பார்த்தால் ஆல்டர்னேட்டர் களைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அதே நிலையில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 14.4! அங்கே உற்பத்தியான 1.1 வோல்ட் பேட்டரிக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கே விழுகிறது?

சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் வெளியீட்டிலும் கறுப்பு முனையை பேட்டரியின் நேர்முனையிலும் வைத்தால் 0.1 வோல்ட். நேர்ப்பக்கக் கம்பி நலம். அடுத்து ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தேன்: 1.0 வோல்ட். நேர்ப்பக்கம் 0.2 அல்லது 0.3, எர்த் பக்கம் (வண்டி உடல் வழியே மின்னோட்டம் திரும்பும் எதிர்ப்பக்கம்) 0.1 அல்லது 0.2 என்பதுதான் ஏற்கத்தக்க எல்லை. கறுப்பு முனையை அப்படியே பேட்டரியில் வைத்துக்கொண்டு, சிவப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் 1.0 சட்டென்று 0.05 ஆகிறது. இஞ்சினையும் வண்டி உடலையும் இணைக்கும் எர்த் பட்டையின் போல்ட். அதன் அடியில் பெயின்டைச் சுரண்டாமலே முடுக்கியிருந்தார்கள்.

வாய்மொழிக் கேள்வி உடனே வந்தது: "ஓம் அளவியில் இந்தப் பட்டை நன்றாகத்தானே காட்டுகிறது?" காட்டத்தான் செய்யும். ஆல்டர்னேட்டரிலிருந்து 50 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் இழப்பு என்றால் அந்த இணைப்பின் மின்தடை 0.02 ஓம். சாதாரண மல்டிமீட்டரின் முனைக் கம்பிகளுக்கே அதைவிட அதிக மின்தடை இருக்கும். ஆனால் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது இதே 0.02 ஓம் 3 வோல்ட்டை விழுங்கிவிடும். சோம்பலான ஸ்டார்ட்டருக்கும் குறைந்த சார்ஜுக்கும் ஒரே போல்ட் காரணம் என்பது இந்தப் பெருக்கல் கணக்கில் வெளிப்படுகிறது. ஓம் விதியைப் பள்ளிப் பாடம் என்று கடந்துபோனவர்கள் திரும்பி வந்து படிக்க வேண்டிய இடம் இது. மின்னோட்டம் ஓடாத கம்பியில் இழப்பு இருக்காது. ஆகவே சுமையேற்றாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை.

இதே முறையை பேட்டரி டெர்மினலில் செய்து பார்க்கலாம். ஒரு முனையை ஈயக் கம்பத்தின் நடுவிலும் மற்றொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள். ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால், வெளியே பளபளப்பாகத் தெரியும் டெர்மினலுக்கு உள்ளே வெள்ளைப் படிவு இருக்கிறது.

டையோடு சோதனை சுருக்கமானது. ஆல்டர்னேட்டரில் பிறப்பது மும்முனை மாறுமின்னோட்டம். வழக்கமான அமைப்பில் ஆறு டையோடுகள் அதை நேராக்குகின்றன. ஒன்று போனாலும் மாறுமின் அலை கசிந்து வரும். மீட்டரை ஏசிக்கு (மாறுமின் அளவுக்கு) மாற்றி, இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சில மலிவான மீட்டர்கள் ஏசியில் வைத்தாலும் நேர்மின்னைச் சேர்த்துக் கணக்கிட்டு 28 என்றெல்லாம் காட்டும். அப்போது ஆல்டர்னேட்டரைத் திட்ட வேண்டாம், மீட்டரை மாற்றுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜிங் எச்சரிக்கை விளக்கையும் மறக்கக்கூடாது. சாவியைத் திருப்பியதும் அது எரிந்தாக வேண்டும். பழைய அமைப்புகளில் அந்த விளக்கின் வழியாகச் செல்லும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டரை முதலில் தூண்டுகிறது. பல்பு போனதற்காக நல்ல ஆல்டர்னேட்டரையே கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

பேட்டரியும் நலம், சார்ஜிங்கும் நலம், ஆனாலும் நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்பது மூன்றாவது வகைக் கேள்வி. இங்கே, வண்டி நிற்கும்போதும் பேட்டரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் கசிவு மின்னோட்டத்தை அளக்க வேண்டும். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து இடையே இணைக்கிறோம். இணைத்தவுடன் சில ஆம்பியர்கூட ஓடும், பதற வேண்டாம். வண்டியின் கணினிகள் உறங்கப்போக அரை மணி நேரம்வரை ஆகலாம். அதன்பின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக ஏற்கலாம். இந்த 50-க்கும் ஒரு கணக்கு இருக்கிறது: நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர் மணி. 60 ஆம்பியர் மணி பேட்டரி பாதியாக 25 நாள். கசிவு 500 மில்லி ஆம்பியர் என்றால் இரண்டரை நாளில் பாதி. வண்டிக்காரர் "மூன்று நாள் நிறுத்தினால் எடுக்கவில்லை" என்று சொல்வதை வைத்தே எவ்வளவு கசிவைத் தேட வேண்டும் என்று ஊகிக்கலாம். எந்த மின்சுற்றில் கசிவு என்று கண்டுபிடிக்க ஃபியூஸைப் பிடுங்கிப் பார்ப்பது வழக்கம். அதைவிட ஃபியூஸின் மேலே தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பது எனக்குப் பிடித்த முறை. உறங்கிய கணினி விழித்துக்கொள்ளாது. மீட்டர் இடையே இருக்கும்போது மட்டும் யாரும் சாவியைத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டருக்குள் இருக்கும் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒரு நொடியில் போய்விடும்.

பாதுகாப்புக் கேள்விகளில் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்முனையை முதலில் கழற்றுவது ஏன்? நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் வண்டி உடலில் பட்டால் நேரடிக் குறுக்குச்சுற்று. இஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி "வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் பழுது" என்று பார்க்கும் பழைய வித்தையைத் தேர்வுக் கூடத்தில் காட்டவே வேண்டாம். சுமை திடீரென்று விலகினால் மின்னழுத்தம் பல மடங்கு எகிறி மின்னணுப் பாகங்களைக் கருக்கிவிடும்.

கடைசியாக விடைத்தாள். பலரும் பழுதைச் சரிசெய்துவிட்டு "எர்த் இணைப்பு சீர்செய்யப்பட்டது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். சீர்செய்த பிறகு அதே விளக்குகளைப் போட்டு, அதே சுற்றில் ஓடவிட்டு, அதே இரண்டு புள்ளிகளில் மறுபடியும் அளந்து, முன்பு 1.0, பின்பு 0.05 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வரிக்குத் தனி மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்.