வாரண்டி இல்லாத லென்ஸை வாங்கி, திருப்பி அனுப்பி, மறுபடி கைக்கு வந்த அனுபவம்

37,000 ரூபாய் குறைகிறது என்பதற்காக ஒரு 70-200 எஃப் 2.8 லென்ஸை ஆன்லைனில் கிரே மார்க்கெட் கடை ஒன்றில் வாங்கினேன். இப்போது அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஏப்ரலில் பணம் கட்டி, ஜூன் முதல் வாரம்தான் ஒழுங்கான லென்ஸ் கைக்கு வந்தது. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கல்யாண வேலைக்குப் போகிற தம்பிகள் "அண்ணே, அந்தக் கடையில வாங்கலாமா, நம்பலாமா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரை மணி நேரம் சொல்வதற்குப் பதில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதலில் எனக்கு ஏன் அந்த லென்ஸ். காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். சோடியம் விளக்கு வெளிச்சம், நகர்ந்துகொண்டே இருக்கும் கூட்டம், கூடையைத் தலையில் வைத்து ஓடுகிற அம்மாக்கள். என்னிடம் இருந்த சாதாரண ஜூம் லென்ஸில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் வெளிச்ச உணர்திறனை, எவ்வளவு ஏற்றினாலும் படம் கலங்கித்தான் வரும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சம் கூடும், 2.8 அதற்குத்தான். 70-200 என்பது தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற ஜூம் அளவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் மொத்தமாகக் கிளம்புகிற இரவை இந்த வருடம் ஒழுங்காக எடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கம்பெனி அங்கீகரித்த கடையில் அந்த லென்ஸ் 1,64,000 சொன்னார்கள். ஆன்லைனில் அதே லென்ஸ் 1,27,000.

கிரே என்றால் டூப்ளிகேட் இல்லை, இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அதே தொழிற்சாலையில் செய்த அசல் பொருள்தான். கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக வராமல், ஹாங்காங் மாதிரி விலை குறைவான இடத்தில் வேறு யாரோ வாங்கிக் கொண்டுவந்து விற்பது. அதனால் இந்தியக் கிளையின் வாரண்டி கிடைக்காது. வட சென்னைக்காரர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கடை போட்ட பர்மா பஜாரில்தான் எங்கள் அப்பா டேப் ரிக்கார்டர் வாங்கினார். பில் கிடையாது, வாரண்டி கிடையாது. ஆனால் கேசட்டைப் போட்டு இரண்டு பக்கமும் ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுத்தார். மறுநாள் கோளாறு என்றால் பீச் ஸ்டேஷனில் இறங்கி அதே கடைக்காரர் முன்னால் போய் நிற்கலாம். ஆன்லைனில் இந்த இரண்டும் இல்லை. காசைக் கொடுத்த பிறகுதான் பொருளைப் பார்க்கிறோம், கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. என் யோசனை முழுக்க இந்த இரண்டையும் எப்படி ஈடுகட்டுவது என்பதில்தான் இருந்தது.

வாரண்டி போவது எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று உட்கார்ந்து யோசித்தேன். கடலோரத்தில் வேலை செய்கிறவன் லென்ஸுக்கு வரக்கூடியது என்ன? உப்புக் காத்து, ஈரம், பூஞ்சை, படகு ஏறும்போது கைதவறி விழுவது. இது எதையும் கம்பெனி வாரண்டியே ஏற்றுக்கொள்ளாது. முழு விலை கொடுத்து வாங்கினாலும் பூஞ்சை பிடித்தால் சொந்தக் காசில்தான் சுத்தம் பண்ண வேண்டும். மிச்சம் இருப்பது தொழிற்சாலையிலிருந்தே வரும் குறை. அது பெரும்பாலும் முதல் சில நாளிலேயே, தேடினால், தெரிந்துவிடும். அதனால் லென்ஸுக்கு கிரே சரிப்படும் என்று முடிவுக்கு வந்தேன். வீட்டுக்குள், ஸ்டூடியோவில் மட்டும் எடுக்கிற ஒருவருக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரலாம்.

கடையைத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கினால் இன்னும் குறைவாகத் தெரிந்தது. ஆனால் அங்கே காட்டுகிற விலையில் நம் ஊர் சுங்க வரி இல்லை. கூரியர்காரர் அடையாளச் சான்று கேட்பார், வரியைக் கட்டு என்பார், கட்டினால்தான் பெட்டி வரும். என் நண்பன் ஒருவன் ஃபிளாஷ் ஒன்றை அப்படி வரவழைத்து, வரியைக் கூட்டிப் பார்த்தால் இங்கே கடையில் சொன்ன விலையே வந்துவிட்டது. அதைவிட முக்கியம், குறை இருந்து திருப்பி அனுப்பினால் கட்டிய வரி தானாகத் திரும்பி வராது. அதனால் இந்தியாவுக்குள்ளேயே இருப்பு வைத்து, ஜிஎஸ்டி பில்லோடு விற்கிற கடைகளை மட்டும் பார்த்தேன். கேமராவுக்கு 2019 தொடக்கத்தில் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு அப்புறமும் பாதி விலை என்று யாராவது போட்டிருந்தால் அது எனக்குச் சந்தேகம்தான். இருபது, இருபத்தைந்து சதவீத வித்தியாசம் என்றால் நம்பலாம் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

மூன்று கடைகளுக்குப் போன் பண்ணி ஒரே கேள்விகளைக் கேட்டேன். பில்லில் சீரியல் நம்பர் போடுவீர்களா? வாரண்டி யாருடையது, கம்பெனியுடையதா உங்களுடையதா? குறை இருந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், மாற்றிக் கொடுப்பீர்களா, ரிப்பேர் பண்ணிக் கொடுப்பீர்களா? ஒரு கடை "கம்பெனி வாரண்டியே உண்டு சார்" என்றது. பெட்டியின் போட்டோ கேட்டேன். முறைப்படி இறக்குமதியான பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், சட்டமே அப்படி. அவர்கள் அனுப்பிய போட்டோவில் அது இல்லை. அந்தக் கடையை விட்டுவிட்டேன். இன்னொரு கடை பில் வேண்டாமென்றால் இன்னும் 6,000 குறைக்கிறேன் என்றது. அதையும் விட்டேன். மூன்றாவது கடைக்காரர் "இது இம்போர்ட்டட் பீஸ், கம்பெனி சர்வீஸில் எடுக்க மாட்டாங்க, ஒரு வருஷத்துக்கு நாங்களே பார்த்துக்கொடுப்போம், மாத்தணும்னா ஏழு நாளுக்குள்ள சொல்லுங்க" என்று தெளிவாகச் சொன்னார். நான் கேட்டு, அதையே மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

பணம் நேரடியாக வங்கியில் போட்டால் 1,27,000, கார்டு என்றால் 2 சதவீதம் கூட. 2,540 ரூபாய் கூடக் கொடுத்து கார்டில்தான் கட்டினேன். பொருள் வராமல் போனால் வங்கியிடம் முறையிட ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அந்தக் காசு. அதேபோல பில்லும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம். வட சென்னைக்கு என்றே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. முதலில் பேச 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் கையில் பில் இல்லாவிட்டால் யார் மேல், எதை வைத்து?

ஏப்ரல் 22 ஆர்டர் போட்டேன், 26 பெட்டி வந்தது. கூரியர் பையன் நிற்கும்போதே தங்கச்சி போனில் வீடியோ எடுக்க, வெட்டாமல் ஒரே ஓட்டமாக, பெட்டியின் ஆறு பக்கம், ஒட்டிய டேப், முகவரிச் சீட்டு, உள்பெட்டியிலும் லென்ஸிலும் இருக்கும் சீரியல் நம்பர், பில்லில் இருக்கும் நம்பர் எல்லாம் பதிவு பண்ணினோம். மூன்று இடத்திலும் நம்பர் ஒன்றுதான். கண்ணாடியில் கீறல் இல்லை, கேமராவில் மாட்டுகிற மவுன்ட்டில் தேய்ந்த தடம் இல்லை. புதுசுதான். அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் மொட்டை மாடியில் சுவரில் தினசரிப் பேப்பர் விரித்து நான்கு மூலையிலும் நடுவிலும் ஒட்டினேன். சுவருக்கு நேராக ட்ரைபாடு, நடுவில் ஃபோகஸ், இரண்டு செகண்ட் டைமர், 70, 135, 200 என்று ஒவ்வொன்றிலும் எஃப் 2.8, 4, 8. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் 200-ல் எஃப் 2.8-க்கு இடது பக்க எழுத்து மெழுகு மாதிரி உருகியிருக்கிறது. வலது பக்கம் கத்தி மாதிரி இருக்கிறது. எஃப் 8-ல் இரண்டும் ஏறக்குறைய சரியாகிவிட்டது. முதலில் என் மேலேயே சந்தேகம், கேமரா சுவருக்குக் கோணலாக நின்றிருக்குமோ என்று. இந்த லென்ஸில் ட்ரைபாடில் பூட்டுகிற வளையம் இருப்பது இங்கேதான் கைகொடுத்தது. வளையத்தைத் தளர்த்தி கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே படங்களை மறுபடி எடுத்தேன். நிற்கிற கோணம் தப்பு என்றால் சுவரில் அதே பக்கம்தான் மங்கலாக வர வேண்டும். ஆனால் மங்கல் கேமராவோடு சேர்ந்து சுவரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அப்புறம் என் பழைய லென்ஸை அதே கேமரா பாடியில் போட்டு எடுத்தேன், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. பாடியில் குறை இல்லை. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது.

இதை நான் பத்தாவது நாள் கண்டுபிடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஏழு நாள் என்று எழுதி வாங்கியிருந்ததால், 27-ஆம் தேதி இரவே அந்தப் படங்களையும் வீடியோவையும் மெயில் பண்ணினேன். மறுநாள் கடைக்காரர் "எஃப் 4-ல் எடுங்க சார், கண்ணுக்குத் தெரியாது" என்றார். எஃப் 2.8-க்காகத்தான் இவ்வளவு காசு கொடுத்தேன் என்று பொறுமையாகச் சொன்னேன். தலைகீழாக எடுத்த படத்தை அவருடைய டெக்னீஷியன் பார்த்த பிறகு பேச்சு மாறியது. 29 அன்று இன்சூரன்ஸ் போட்டு, என் செலவில் திருப்பி அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஐந்து வாரம். அதே மாடல் கையிருப்பில் இல்லை, அடுத்த சரக்கு வரட்டும் என்றார்கள். கிரே கடைக்கு இது பெரிய சங்கடம், அவர்களிடம் சரக்கு எப்போது வரும் என்பது அவர்களுக்கே உறுதியில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு மெயில், சண்டை போடாமல், பில் நம்பரோடு அனுப்பினேன். மே கடைசியில் தூக்கமே சரியாக இல்லை. லென்ஸும் இல்லை, பணமும் இல்லை, ஜூன் 15 வந்துகொண்டிருக்கிறது. ஜூன் 5 வேறு சீரியல் நம்பரோடு, புது பில்லோடு பெட்டி வந்தது. மறுபடி வீடியோ, மறுபடி மொட்டை மாடி, மறுபடி பேப்பர். இந்த முறை நான்கு மூலையும் சமம். சாயங்காலம் தெருவில் பந்து விளையாடுகிற பிள்ளைகளை வைத்து ஃபோகஸ் ஓட்டிப் பார்த்தேன், ஓடி வருகிற முகத்தை விடாமல் பிடித்தது.

பாடி வாங்கலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு என் பதில், வேண்டாம். லென்ஸ் உலகம் முழுக்க ஒன்றுதான், பாடி அப்படி இல்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வாங்கிய சோனி பாடி ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தது. "இன்னாண்ணே இது, மெனுவெல்லாம் ஜப்பான்ல வருது" என்று தூக்கிக்கொண்டு வந்தான். மொழி மாற்றும் இடமே அதில் இல்லை. மனப்பாடம் பண்ணித்தான் ஓட்டுகிறான். பாடியில் ஷட்டர், சென்சார், சர்க்யூட் என்று வாரண்டிக்குள் வரக்கூடிய கோளாறுகளும் நிறைய, பேட்டரியோடு திருப்பி அனுப்புவது கூரியரில் வேறு தலைவலி. கல்யாண வேலையில் பாடி படுத்தால் அன்றைக்குப் பிழைப்பே படுத்துவிடும்.

கார்டு கட்டணமும் கூரியரும் போக எனக்கு மிச்சம் 33,000 சொச்சம். அதில் 30,000-ஐ அஞ்சலகக் கணக்கில் தனியாகப் போட்டுவிட்டேன். இரண்டு வருடத்துக்கு அது லென்ஸின் ரிப்பேர் பணம், வீட்டில் யாரும் கேட்கக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 14 இரவு பத்து மணிக்கே காசிமேட்டுக்குப் போய்விட்டேன். ஐஸ் ஏற்றுகிறார்கள், படகுக்கு மாலை போட்டுக் கற்பூரம் காட்டுகிறார்கள். கற்பூர வெளிச்சம் ஒரு பெரியவர் முகத்தில் பட்ட படம் எஃப் 2.8-ல் எடுத்தது, அவர் படத்தின் இடது ஓரத்தில் இருக்கிறார், கண்ணிமை முடி எண்ணலாம்.