டேஷ்போர்டில் ஒரு கண்

டெட்ராய்ட்டுக்கு வடக்கே, பழைய அமெரிக்க கார்களைப் புதுப்பிக்கும் ஒரு பட்டறையில் எனக்கு எலக்ட்ரிக்கல் வேலை. எஞ்சின், பெயிண்ட், குரோம் எல்லாம் மற்றவர்கள் பாடு. ஒயரிங், ரேடியோ, ஓடாத கடிகாரம், பாதியில் நின்றுபோன பவர் விண்டோ என்றால் என் மேஜைக்கு வரும். இவற்றோடு யாரும் தொட விரும்பாத இன்னொரு பொருளும் வரும்: ஆட்ரானிக் ஐ. 1950களின் காடிலாக், ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் டேஷ்போர்டின் இடது ஓரத்தில், குட்டித் தொலைநோக்கி மாதிரி முன்கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தானே டிம் செய்யும். வண்டி கடந்துபோனதும் தானே ஹை பீமுக்குத் திரும்பும். ஜெனரல் மோட்டார்ஸ் இதை 1952 மாடல்களில் கூடுதல் விலைக்குக் கொடுக்கத் தொடங்கியது.

இந்தக் கருவியோடு வருகிற பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "அது அந்தக் காலத்திலேயே ஒழுங்காக வேலை செய்யாது. பார்வைக்கு இருந்தால் போதும்." தெருவிளக்கைப் பார்த்து டிம் ஆகும், சாலைப் பலகையின் பிரதிபலிப்பைப் பார்த்து டிம் ஆகும், எதிரே லாரி வந்தால் மட்டும் கண்டுகொள்ளாது என்று ஒரு கதையும் கூடவே வரும். என் அனுபவத்தில் இந்தக் கெட்ட பெயரில் பாதிக்கு மேல் அநியாயம்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் தெரிவது கண் மட்டும்தான். லென்ஸுக்குப் பின்னால் ஒரு போட்டோமல்டிப்ளையர் குழாய் இருக்கிறது. மேலே விழும் சொற்ப ஒளியும் அதிலிருந்து எலக்ட்ரான்களை எழுப்பும்; அவை ஒவ்வொரு தட்டாக மோதி மோதிப் பெருகும். அப்படிப் பெருக வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். காரில் இருப்பதோ 6 அல்லது 12 வோல்ட் பேட்டரி. காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபீலும் 12 வோல்ட்டுக்கு மாறியதே 1953இல்தான். அதனால் பானெட்டுக்கு அடியில், வால்வு (பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடிக் குழாய்) வைத்த ஓர் ஆம்ப்ளிஃபையர் பெட்டி தனியாக உண்டு. மின்னழுத்தத்தை ஏற்றுவதும், கண் சொல்வதைப் பெரிதாக்கி, விளக்கை மாற்றும் மின்காந்த சுவிட்சான ரிலேயை இழுப்பதும் அதன் வேலை. டிரான்சிஸ்டர் இன்னும் காருக்குள் வராத காலம். பனி, வெயில், எஞ்சின் சூடு எல்லாவற்றுக்கும் நடுவில் இதை ஓட விட்டார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்தான்.

அந்தப் பெட்டியைத் திறந்தால் பழைய மெழுகு வாசனை அடிக்கும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் காகிதக் கண்டன்சர்களின் மெழுகு உருகி வழிந்து, பெட்டியின் மூலையில் மஞ்சளாக உறைந்து கிடக்கும். கை வைப்பதற்கு முன்னால் உயர் மின்னழுத்தக் கண்டன்சரைப் பெட்டியின் உலோக உடலோடு இணைத்துக் காலி செய்ய வேண்டும். அப்புறம் கண்டன்சர்களையெல்லாம் மாற்றுவேன், நிறம் மாறிய ரெசிஸ்டர்களை அளந்து பார்ப்பேன், ரிலே முனைகளைத் துடைப்பேன். வால்வுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கண்ணைக் கறுப்புத் துணியால் மூடி, ஒயர்களை மாட்டி, துணியை ஓர் ஓரமாகத் தூக்கி டார்ச் அடித்தால் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்த 'டக்' கேட்டதும் பட்டறையில் எல்லோரும் கைதட்டி, வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

உண்மையில் பாதி வேலை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

கண் எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதில்தான் எல்லாமே. கொஞ்சம் மேலே பார்த்தால் தெருவிளக்கு, கடைப் பலகை எல்லாம் அதற்கு எதிர்வண்டி. கொஞ்சம் கீழே பார்த்தால் தன் வண்டியின் வெளிச்சம் சாலையில் பட்டுத் திரும்புவதையே பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவர் கண் கூசி ஹார்ன் அடிப்பார். காரைச் சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ரசமட்டம் வைத்துக் கோணத்தைத் திருத்த வேண்டும். பின்பக்கம் புது ஸ்ப்ரிங் போட்டு வண்டி சற்று உயர்ந்தால்கூடக் கணக்கு மாறிவிடும். அந்தக் காலத்தில் எத்தனை பேர் இதைச் செய்திருப்பார்கள்? முன்கண்ணாடியை மாற்றும்போது கண்ணைக் கழற்றி, திரும்ப ஏதோ ஒரு வாக்கில் மாட்டியிருப்பார்கள். மேஜையில் எல்லாச் சோதனையும் தேறி, காரில் மட்டும் சொதப்பும் கருவிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வடிவமைத்தவர்களின் புத்தி தெரிகிற இடம் வேறொன்று. வெறும் ஒளி சுவிட்ச் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிர்வண்டியைப் பார்த்து நம் விளக்கு டிம் ஆகும். மரியாதைக்கு அவரும் டிம் செய்வார். நம் கண்ணில் விழும் ஒளி குறையும். 'ஆள் போய்விட்டார்' என்று நம்பி நம் விளக்கு ஹை பீமுக்குத் தாவும். அவர் கோபத்தில் ஹை பீம் அடிப்பார். இரண்டு வண்டியும் கடக்கும்வரை இந்தக் கூத்துதான் நடக்கும். இதற்காகவே இந்தக் கருவிக்கு இரண்டு உணர்திறன் வைத்தார்கள். டிம் ஆவதற்கு முன் ஒன்று. டிம் ஆன மறுகணமே கண் பல மடங்கு கூர்மையாகிவிடும். அதனால் எதிராளியின் லோ பீமும் அதற்குப் போதுமானது. அவர் கடந்துபோய் இருட்டான பிறகே ஹை பீம் வரும். இரண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ஒன்றை மட்டும் திருகிவிட்டு மற்றதை மறந்த பெட்டிகள் எனக்கு நிறைய வருகின்றன.

இதைச் செய்தது இந்தியானா மாநிலம் ஆண்டர்சன் ஊரில் இருந்த, ஜெனரல் மோட்டார்ஸின் கைட் லாம்ப் பிரிவு. இரண்டாம் உலகப் போரில் எம்3 சப்மெஷின் துப்பாக்கியைச் செய்துகொடுத்ததும் இதே விளக்குத் தொழிற்சாலைதான். பிற்பாடு கைட்-மேட்டிக் என்ற பெயரில் அடுத்த தலைமுறைக் கருவிகள் வந்தன. 1960களில் காடிலாக்கில் ட்வைலைட் சென்டினல் வந்தது. பொழுது சாய்ந்தால் விளக்கை ஏற்றுவது, இறங்கிப் போனபின் சற்று நேரம் கழித்து அணைப்பது என்று அதற்கு வேறு வேலை. அது பெரிதாகத் தொல்லை தருவதில்லை, எனவே சொல்வதற்கும் அதிகமில்லை.

சரி, ஒழுங்காகத் திருத்திய ஆட்ரானிக் ஐ இன்றைய சாலையில் எப்படி? நகரத்துக்குள் பயனில்லை, எப்போதும் லோ பீம்தான். எல்இடி விளக்கு வைத்த வண்டிகள் வெகு தொலைவில் வரும்போதே டிம் ஆகிவிடும். ஆனால் இரண்டே தடம் உள்ள கிராமத்துச் சாலையில் மணியாக வேலை செய்யும். மாநிலங்களுக்கு இடையேயான பெருஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் வந்ததே 1956இல். அதற்கு முன் நெடும்பயணம் என்றாலே பெரும்பாலும் நேருக்கு நேர் வண்டி வரும் சாலைதான். இந்தக் கண் பிறந்தது அந்தச் சாலைக்காக.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவின் பழைய கார் ஊர்வலம் நெருங்கும்போது பட்டறையில் மூச்சுவிட நேரமிருக்காது. "பகலில் ஓட்டப் போகிற காருக்கு ரசமட்டம் எதற்கு?" என்று முதலாளி கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான், கோணம் திருத்தும் நேரத்துக்கு வாடிக்கையாளர் காசு கொடுக்கத் தயங்குகிறார். பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். பெட்டியைப் பழுதுபார்க்க ஒரு கூலி, காரில் மாட்டிக் கோணமும் இரண்டு உணர்திறனும் திருத்த இன்னொரு கூலி, பில்லில் இரண்டும் தனித்தனி வரி. இரண்டாவது வேண்டாம் என்கிறவருக்கு, இருட்டில் காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்சையே நம்பும்படி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.