ஆயிலில் கூலன்ட் கலந்தால்: ஹெட் போல்ட்டில் ஸ்பானர் வைப்பதற்கு முன் ஆயில் கூலரைப் பாருங்கள்

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டை இறக்கி, மட்டம் தட்டி, புது கேஸ்கெட்டும் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) புது போல்ட்டுகளும் போட்டு ஏற்றியாயிற்று. 200 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆயில் மூடியைத் திறந்தால் மறுபடியும் அதே வெளிர்பழுப்பு நுரை. கோளாறு ஹெட்டில் இருக்கவே இல்லை. ஃபில்டர் ஹவுசிங்கோடு சேர்த்து முடுக்கியிருக்கும், கூலன்ட்டைக் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொண்டு ஆயிலின் சூட்டைத் தணிக்கும் ஆயில் கூலரில்தான் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் கழற்றிப் பார்த்துவிடக்கூடிய பாகம் அது. எந்த இடத்தில் வழி தவறியது என்று எழுதிவைக்கிறேன்.

எஞ்சின் 4 சிலிண்டர் டர்போ பெட்ரோல். தட்டுகளை அடுக்கிய வகைக் கூலர்; ஒரு தட்டில் ஆயில், அடுத்ததில் கூலன்ட். வாரத்துக்கு ஏறக்குறைய 300 மில்லி கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது, கீழே ஒரு சொட்டு ஈரமில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் 5 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. ஆயில் ஏறுவதுதான் உண்மையான எச்சரிக்கை. மூடியில் மட்டும் நுரை தெரிந்து, டிப்ஸ்டிக் சுத்தமாக, கூலன்ட் மட்டமும் குறையாமல் இருந்தால் பதற வேண்டாம். குளிரில் குட்டிக் குட்டித் தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரக்காற்று மூடியில் படிந்து இதே மாதிரி நுரை கட்டும். துடைத்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகும்படி அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். திரும்ப வராவிட்டால் விஷயம் அவ்வளவுதான். கூலன்ட் மட்டத்தை எப்போதும் ஆறிய எஞ்சினில்தான் குறித்துக்கொள்ள வேண்டும். சூட்டில் ஒரு அளவு, ஆறியதும் ஒரு அளவு என்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கலப்பை உறுதிசெய்ய லேபுக்குப் போகத் தேவையில்லை. கூலன்ட் ஆயிலைவிடக் கனம். ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் அது எஞ்சினுக்குக் கீழே உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் அடியில் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல், டிரெயின் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால் முதலில் கசிவது கூலன்ட்தான். இங்கே ஒரு சின்ன டம்ளர் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் வந்து, அதன் பின்னால்தான் ஆயில் வந்தது. ஓடி நிறுத்திய உடனே இதைச் செய்தால் இரண்டும் அடித்துக் கலந்திருக்கும், எதுவும் தெரியாது. கொஞ்சமாகத்தான் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், நன்றாகக் காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், தெறிக்கும்.

இதுவரை சரியாகவே போனது. பிறகு ஒர்க்‌ஷாப்பில் கேட்ட முதல் வாக்கியம்: "ஆயில்ல தண்ணி வந்தா ஹெட் கேஸ்கெட்தான் சார்."

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) எடுத்தார்கள்: 12.1, 12.3, 11.9, 12.2 பார். நான்கும் ஒத்துப்போகின்றன. கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்க் வாயில் வைக்கும் நீல ரசாயன டெஸ்டும் நீலமாகவே நின்றது. சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அந்தத் திரவத்தை மஞ்சளாக்கும். புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டர் ஹோஸ் கல்லாக இறுகவும் இல்லை. இத்தனைக்கும் வந்த பதில், "சில சமயம் டெஸ்ட்ல மாட்டாது, திறந்தாத்தான் தெரியும்."

அது பாதி உண்மை. ஹெட் கேஸ்கெட்டில் சிலிண்டருக்கு ஒரு துளை, தண்ணீருக்குத் துளைகள், ஆயிலுக்குத் துளைகள் என்று தனித்தனியாக உண்டு. தண்ணீர்த் துளைக்கும் ஆயில் துளைக்கும் நடுவில் மட்டும் கேஸ்கெட் போயிருந்தால் கம்ப்ரஷனும் குறையாது, நீலமும் மாறாது. ஆக, அந்த டெஸ்டுகள் கேஸ்கெட்டைக் காப்பாற்றவில்லை. ஆனால் குற்றவாளி என்றும் சொல்லவில்லை. சிலிண்டருக்குச் சம்பந்தமில்லாத கசிவு என்றால் கேஸ்கெட்டோடு ஆயில் கூலரும், கூலன்ட் பாதை ஓடும் டைமிங் கவரும், சில எஞ்சின்களில் உள்ளேயே இருக்கும் வாட்டர் பம்பும், வி வடிவ எஞ்சின்களில் இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும், ஈர லைனர் (கூலன்ட் நேராகத் தொடும் தனிச் சிலிண்டர் உறை) உள்ளவற்றில் லைனர் சீலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கழற்ற எளிதானதை முதலில் பார்ப்பதுதான் முறை. அங்கே தலைகீழாக நடந்தது.

இன்னொரு தடயம் கண்ணெதிரிலேயே இருந்தது. எக்ஸ்பான்ஷன் டேங்கில் கூலன்ட் மேல் மெல்லிய ஆயில் ஏடு. எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் 3, 4 பார் வரை போகும். கூலன்ட் பக்கம் ஒரு பாரைச் சுற்றித்தான் இருக்கும். கூலரில் விரிசல் இருந்தால் ஓடும் நேரமெல்லாம் ஆயில் கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் உடனே பூஜ்ஜியமாகிறது, சூடான கூலன்ட்டின் அழுத்தம் மட்டும் ஆறும்வரை நிற்கிறது. அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் கலப்பு, கூடவே எரிந்த வாயுவின் அறிகுறி ஒன்றுகூட இல்லை என்றால் கூலர்தான் முதல் சந்தேகம். அந்த ஏட்டைக் காட்டியபோது, "கேஸ்கெட் போனா ரெண்டும் கலக்கும்" என்று முடித்துவிட்டார்கள்.

கூலன்ட் சிஸ்டத்தில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்கும் பிரஷர் டெஸ்டர் போட்டதும் பத்தே நிமிடம், அதுவும் குளிர்ந்த எஞ்சினில். முள் அசையவில்லை, எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 300 மில்லி என்பது பத்து நிமிடத்தில் முள்ளை அசைக்கும் கசிவே அல்ல.

ஹெட் இறங்கியது. நேர்ச்சட்டமும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்ததில் அதிகபட்சம் 0.03 மில்லிமீட்டர் வளைவு. அந்த எஞ்சினுக்கு அனுமதி 0.05. பழைய கேஸ்கெட்டில் அரிப்போ, கறை ஓடிய தடமோ, நசுங்கிய விளிம்போ எதுவுமே இல்லை. அந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். கசிந்த கேஸ்கெட் அநேகமாகத் தடம் விட்டுத்தான் போகும். தடமில்லாத கேஸ்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையில்லாத மட்டம் தட்டலுக்கு ஹெட்டை அனுப்பியதுதான் இதில் மன்னிக்க முடியாத பகுதி.

இரண்டாவது சுற்றில் செய்தது இது. ஆயிலை முழுதும் வடித்து, ஃபில்டரைக் கழற்றி, ஹவுசிங்கின் உட்புறத்தைத் துணியால் ஈரமின்றித் துடைத்து, கூலன்ட் சிஸ்டத்தில் 1.2 பார் ஏற்றியது. கூலன்ட் மூடியில் அச்சிட்ட அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள், நல்ல ஹோஸையும் ரேடியேட்டரையும் கெடுத்துக்கொள்வீர்கள். சம்ப் பிளக்கைத் திறந்தே வைத்து, கீழே சுத்தமான தட்டு. ராத்திரி முழுக்க அப்படியே விட்டதில் காலையில் முள் 0.7. ஃபில்டர் ஹவுசிங்குக்குள் டார்ச் அடித்தால் கூலரிலிருந்து வரும் துளையின் உதட்டில் பச்சை முத்து ஒன்று உருண்டு நின்றது. துடைத்ததும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் முளைத்தது. இத்தனை நாள் தேடியது அந்த ஒரு சொட்டு.

ஹவுசிங் காய்ந்திருந்து சம்ப்பில் மட்டும் சொட்டினால், சம்ப்பையே இறக்கிவிட்டு அழுத்தத்தோடு கீழிருந்து பாருங்கள். முன்பக்கம் வழிந்தால் டைமிங் கவர் அல்லது வாட்டர் பம்ப். ஒரு சிலிண்டர் சுவரோரமாக இறங்கினால் லைனரோ, பிளாக்கோ, கேஸ்கெட்டோ.

கூலரைக் கழற்றியபின் வெளியே சோதித்தபோதும் ஒரு பாடம். கூலன்ட் வாய் ஒன்றை அடைத்து, மற்றதில் 2 பார் காற்று கொடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் முக்கியபோது ஒரு குமிழிகூட இல்லை. இத்தோடு நல்லது என்று திரும்பப் பொருத்துபவர்கள் உண்டு. 80 டிகிரித் தண்ணீரில் முக்கினால் இரண்டு நிமிடத்தில் ஆயில் துளையிலிருந்து குமிழி வரிசையாக வந்தது. சூட்டில் உலோகம் விரிந்தால்தான் நன்றாகத் திறக்கும் விரிசல்; குளிரில் ராத்திரி முழுக்க விட்டால்தான் தெரியும். புதுக் கூலர், புது ஓ-ரிங்குகள். ஓ-ரிங்கைச் சுத்தமான ஆயிலில் நனைத்து உட்காரவைக்க வேண்டும், உலர்வாக வைத்தால் முறுக்கிக்கொள்ளும்.

சுத்தம் செய்வதில் கஞ்சத்தனம் கூடாது. கூலன்ட்டிலுள்ள கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவம் ஆயிலோடு சேர்ந்து பிசின் மாதிரிப் படிந்து ஆயில் இழுக்கும் ஸ்ட்ரெய்னரை அடைக்கும், பேரிங்கை அரிக்கும். அதனால்தான் கலப்பு உறுதியானபின் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் இழுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் 10 நிமிடம் ஐடிலில் ஓட்டி வடித்தது. இப்படி இரண்டு முறை. மூன்றாவது ஆயில் 500 கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் புது ஃபில்டர், கழற்றியதை வெட்டி மடிப்புகளில் பேரிங் துகள் மினுங்குகிறதா என்று பார்த்தது. கூலன்ட் பக்கம், ஆயில் ஊறி மெத்தென்று உப்பியிருந்த ஹோஸ்களை மாற்றியது. கூலன்ட் ஹோஸ் ரப்பர் ஆயிலைத் தாங்காது, கழுவிப் போட்டால் பின்னால் வெடிக்கும்.

500 கிலோமீட்டர் ஆயிலை லேபுக்கு அனுப்பும்போது சோடியம், பொட்டாசியம் இரண்டையும் கட்டாயம் கேளுங்கள். சூடான ஆயிலில் கிளைக்கால் சிதைந்து டெஸ்டில் அகப்படாமல் போகலாம்; கூலன்ட்டின் துரு தடுப்பு உப்புகள் தங்கிவிடும். இங்கே இரண்டும் புது ஆயிலின் அளவுக்கே இறங்கியிருந்தன. மறுபடி ராத்திரி முழுக்க டெஸ்டர் போட்டதில் காலையிலும் முள் 1.2-இல் நின்றது. பேரிங் தப்பித்ததா என்பதற்கு சூடான ஐடிலில் மெக்கானிக்கல் கேஜ் வைத்துப் பார்த்ததில் ஆயில் அழுத்தம் 1.5 பார், கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கு மேல். 1,000 கிலோமீட்டரில் இன்னொரு முறையும் ஃபில்டரை வெட்டிப் பார்க்கப் போகிறேன்.