கரி இல்லை, தம்பி

பகுப்பாய்வு ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், என்னிடம் இரண்டு குரூசிபிள்களை, அதாவது சூடு தாங்கும் சிறு கிண்ணங்களைக் கொடுத்தார்கள். ஒன்றில் இளஞ்சிவப்பு நியோடிமியம் ஆக்சலேட், மற்றதில் வெளிர்பச்சை பிரசியோடிமியம் ஆக்சலேட். இரண்டுமே அருமண் உலோகங்களின் உப்புகள். 900 டிகிரியில் சுட்டு, ஆக்சைடாக்கி எடைபோட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

மறுநாள் ஃபர்னஸைத் திறந்தால் நியோடிமியம் வெளிர்நீலத் தூளாக இருந்தது. இன்னொன்று கன்னங்கரேல் என்றிருந்தது. சரியாக எரியாமல் கரி தங்கிவிட்டது என்று நினைத்து மறுபடி சுட்டேன். கறுப்பு போகவில்லை. இரண்டுக்குமே, இரண்டு உலோக அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் என்று கணக்குப் போட்டேன். பிரசியோடிமியம், எடுத்த அளவில் 103 சதவீதம் வந்தது! எடுத்ததைவிட எப்படிக் கூடும்?

"அது கரி இல்ல தம்பி, காத்துல இருந்து ஆக்சிஜனை எடுத்து வச்சிருக்கு" என்றார் மூத்த வேதியியலாளர் அம்மா. நச்சுவாயுவை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள் ஒரு சிட்டிகைத் தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடச் சொன்னார். குபுகுபுவென்று நுரைத்தது. மேலே பிடித்த ஸ்டார்ச்-அயோடைடு தாள் நீலமானது. வந்தது குளோரின். அடியில் பழைய பச்சைக் கரைசல்.

அந்தக் கறுப்புத் தூளில் ஆறு பிரசியோடிமியம் அணுவுக்குப் பதினொரு ஆக்சிஜன். அதாவது ஆறில் நான்கு +4 நிலையில், நான்கு எலக்ட்ரானை இழந்த நிலையில், இருக்கின்றன. அருமண் தனிமங்களுக்கு இயல்பான நிலை +3. சீரியம் மட்டும் நீர்க்கரைசலிலும் +4-ஆக நிற்கும். அதனால்தான் அதை மற்றவற்றிலிருந்து பிரிப்பது சுலபம். பிரசியோடிமியமும் டெர்பியமும் திடப்பொருளில்தான் அந்த நிலையைத் தாங்கும். அமிலத்தில் இறங்கியதும், குளோரைடிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு +3-க்குத் திரும்பிவிடும்.

அன்றிலிருந்து பிரசியோடிமியத்தை எடையை மட்டும் நம்பிக் கணக்கிட்டதில்லை. எவ்வளவு ஆக்சிஜன் பிடிக்கும் என்பது ஆறவிடும் விதத்தைப் பொறுத்தும் மாறும். ஹைட்ரஜன் ஓட்டத்தில் சுட்டு, பச்சை ஆக்சைடாக்கி எடைபோடுவேன். இல்லையென்றால் அயோடின் டைட்ரேஷன், அதாவது வெளிவரும் அயோடினை அளந்து கணக்கிடுவது.

2016-இல், கடுங்குளிரில் உறைந்த மந்த வாயுவுக்குள் +5 பிரசியோடிமியத்தைக் கண்டார்கள். 2025-இல் அமெரிக்காவில், ஜார்ஜியா டெக்கில் அதை ஒரு தனிச் சேர்மமாகவே செய்துகாட்டினார்கள். படித்ததும் ஓய்வுபெற்ற அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாலே தண்ணியில நிக்காது. அஞ்சை எப்படிப் பிடிச்சாங்க?"

நைட்ரஜன் வழியாக எலக்ட்ரானை அள்ளிக் கொடுக்கும் நான்கு பருமனான ஈனிகள் (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறுகள்), நாலு பக்கமும் அதைச் சூழ்ந்து நிற்பதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்தக் கட்டுரையை அனுப்பச் சொன்னார்.