மூன்று இயக்குநரகங்களும் ஒரு பரிந்துரைச் சீட்டும்

என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது, ஊருக்கு அருகிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என மூன்று இடங்களைக் கடந்துதான் அவருக்கு ஸ்டென்ட் (அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கப்பட்டது. மூன்றும் தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையைச் சேர்ந்தவைதான் என்றாலும், முதலாவது பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கீழும், இரண்டாவது மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழும், மூன்றாவது மருத்துவக் கல்வி இயக்குநரகத்தின் கீழும் வருகின்றன. நோயாளிக்கு இந்தப் பிரிவினை எப்படித் தெரியவருகிறது என்றால், ஒவ்வோர் இடத்திலும் புதிய எண், புதிய கேஸ் ஷீட், அதே கேள்விகள் மறுபடியும். முந்தைய இடத்தில் என்ன நடந்தது என்பதை அடுத்த இடத்து மருத்துவருக்குச் சொல்லக்கூடியது நோயாளியை மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது எழுதித் தரும், கையில் கொண்டுபோகும் பரிந்துரைச் சீட்டும் அதனுடன் இணைத்த ஈ.சி.ஜி. தாளும்தான். உடன் செல்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அதைப் பார்த்த மருத்துவர் வேறெதற்கும் காத்திருக்காமல் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்னார். 2023 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி இந்த மாத்திரைகள் கிராமப்புற நிலையங்களிலேயே இருப்பு வைக்கப்பட்டிருக்கின்றன: ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு, ஆக மொத்தம் 14. செவிலியர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, வலி தொடங்கிய நேரம், ஈ.சி.ஜி. எடுத்த நேரம், மாத்திரை கொடுத்த நேரம் மூன்றையும் பரிந்துரைச் சீட்டின் மேற்பகுதியில் எழுதினார். உறவினர் ஒருவர் தம் காரிலேயே விரைவாகப் போய்விடலாம் என்று வற்புறுத்தினார். மருத்துவர் அதற்கு இசையாமல் 108 வண்டியை வரவழைத்தார். வழியில் இதயத்துடிப்பு தடுமாறினால் காரில் செய்வதற்கு எதுவும் இல்லை என்று அவர் சொன்ன காரணம் மிகச் சரியானது. வண்டி புறப்படுவதற்குள் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தியும் சொல்லிவிட்டார்.

அங்கே அவசரப் பிரிவில் பணியிலிருந்த மருத்துவர் சீட்டை வாங்கியதும் முதலில் பார்த்தது அந்த மூன்று நேரங்களைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறதோ அவ்வளவு இதயத்தசை பிழைக்கும் என்பதால், வலி தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பதே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. அடுத்து எங்களிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டார்: அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, பக்கவாதம் வந்ததுண்டா, தலையில் அடிபட்டதா, மலத்தில் ரத்தம் போனதுண்டா, ரத்தக்கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார். முதல் நான்கில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற பதில் வந்தாலும் இந்த ஊசியால் ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். ஆகவே நோயாளியின் உடல்நிலை வரலாறு தெரிந்த ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். அண்டை வீட்டார் மட்டும் அழைத்துக்கொண்டு போனால் இந்த இடத்தில் திணற நேரிடும். அப்பாவுக்கு அடைப்பைக் கரைக்கும் அந்த மருந்து, ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், சலைன் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஏறியது. இடையில் ரத்த அழுத்தம் இறங்கியபோது வேகத்தைக் குறைத்தார்கள். செவிலியர் அந்த நேரம் முழுவதும் கட்டிலருகிலிருந்து நகரவேயில்லை.

ஊசி வேலை செய்தாலும் சிகிச்சை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் (இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு எங்கே என்று காட்டும் எக்ஸ்ரே படம்) செய்து பார்ப்பதே முறை. அதைச் செய்வதற்கான கேத் லேப் என்னும் கூடம் அந்த மருத்துவமனையில் இல்லை. வலி நின்றுவிட்ட நிலையில் எதற்காக இன்னோர் ஊருக்கு அலைய வேண்டும் என்று வீட்டில் சிலர் கேட்டார்கள். கரைந்த அடைப்பு அதே இடத்தில் மீண்டும் உறையக்கூடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கிய பிறகே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இம்முறை சீட்டுடன் ஊசிக்கு முன் எடுத்த ஈ.சி.ஜி.யும் பின் எடுத்த ஈ.சி.ஜி.யும் சேர்ந்தே இணைக்கப்பட்டிருந்தன.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறுக்கிட்டது. அரசு மருத்துவமனையில் சிகிச்சையே இலவசம்தானே, காப்பீடு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். ஸ்டென்ட் போன்ற செலவு மிகுந்த சிகிச்சைகளுக்கு அத்திட்டத்தின் கீழ் மருத்துவமனைக்கே பணம் வருகிறது. அந்தப் பணம் அடுத்த நோயாளிக்கான கருவிகளுக்கும் பயன்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வருமானச் சான்று ஆகியவை வேண்டும். எங்களிடம் காப்பீட்டு அட்டை ஏற்கெனவே இருந்ததால் காப்பீட்டுக் கவுன்ட்டரில் வேலை எளிதாக முடிந்தது. பக்கத்து கட்டில்காரருடைய மகன், தந்தையை வார்டில் விட்டுவிட்டு வருமானச் சான்றுக்காக ஊருக்கும், காப்பீட்டு அட்டைக்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தார். உடல் நன்றாக இருக்கும்போதே இந்த அட்டையை எடுத்து வைத்துக்கொள்ளும்படி, தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பத்தையும் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒப்புதல் வந்ததும் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்து, ஓர் இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

குறையும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. ஓரிடத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு வெளிப்படையாகவே பணம் கேட்டார்கள். ஒப்பந்த முறையில் குறைந்த சம்பளத்துக்கு ஆட்களை அமர்த்துவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்; ஆனாலும் மூச்சுத் திணறுகிறவரை வைத்துக்கொண்டு பேரம் பேசும் நிலை எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. மருத்துவமனையின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் நிலைய மருத்துவ அலுவலரிடம் (ஆர்.எம்.ஓ.) நேரில் சொன்னோம்; அவர் உடனே ஆள் அனுப்பினார். இப்படி ஓர் அலுவலர் இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. அவருடைய அறை எங்கே இருக்கிறது என்பதைச் சேர்க்கையின்போதே எழுதிக் கொடுத்தால் பாதிச் சச்சரவுகள் எழாது.

வீடு திரும்பும் நாளில் டிஸ்சார்ஜ் சம்மரியை (செய்த சிகிச்சையின் சுருக்கக் குறிப்பை) நின்று முழுவதும் படித்துப் பார்ப்பது நல்லது. ஸ்டென்டின் அளவு, வைத்த தேதி, ரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை எவ்வளவு காலம் தொடர வேண்டும் என்பன அதில் இருக்க வேண்டும். அப்பாவுக்கு ஓராண்டு என்று எழுதியிருந்தார்கள். பல் பிடுங்குவதற்காகக்கூட மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நிறுத்தக் கூடாது என்று வார்டு செவிலியர் தனியே அழைத்து அழுத்திச் சொன்னார். மாத்திரைகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாகக் கொள்முதல் செய்வதால், ஒரே மருந்து எல்லா நிலைகளிலும் ஏறத்தாழ ஒரே பெயரில் கிடைக்கிறது. ரத்தக்கொதிப்பு மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். இதய மாத்திரைகளுக்காக அப்பா மாவட்டத் தலைமை மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குப் போகிறார்; சம்மரியின் மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு நகலை எடுத்துச் செல்கிறார், ஏனெனில் அந்த நகலைப் பார்த்துத்தான் அங்கே மருந்து எழுதுகிறார்கள்.